பச்சை டிக் வந்தும் லேபிள் வரவில்லையா? டேட்டாபேஸிலிருந்து மாடலுக்குப் போகும் வொர்க்ஃப்ளோவில் பிழை தேடும் வழி

ஒரு சிறு நிறுவனத்துக்காக ஒரே ஒரு வொர்க்ஃப்ளோவை நீண்ட நாளாகப் பார்த்துக்கொள்கிறேன். வாடிக்கையாளர்களின் புகார்கள் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸின் டேபிளில் வந்து விழும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை என்8என் என்ற தானியக்கக் கருவி புதிய புகார்களை எடுத்து, வெளியே உள்ள ஒரு மொழி மாடல் சேவைக்கு அனுப்பும். 'டெலிவரி தாமதம்', 'பணம் திரும்ப வரவில்லை', 'பொருள் சேதம்' என்று மாடல் தரும் லேபிளும், தேடலுக்கான எம்பெடிங்கும் (உரையின் பொருளைக் குறிக்கும் எண்வரிசை) அதே டேபிளில் திரும்ப எழுதப்படும். இதில் ஒரே பிழைகள் வேறு வேறு முகத்தோடு திரும்பத் திரும்ப வந்ததால், அறிகுறி வாரியாக இங்கே எழுதி வைக்கிறேன். ஏர்ஃப்ளோ (இதே வகை வேலைக்கான இன்னொரு கருவி) வைத்திருப்பவர்களுக்கும், பைத்தான் ஸ்கிரிப்டை கிரானில் (குறித்த நேரத்தில் ஓட்டும் லினக்ஸ் வசதி) ஓட்டுபவர்களுக்கும் பெரும்பகுதி அப்படியே பொருந்தும்.

எதையும் தொடுமுன் மூன்று எண்ணிக்கைகளை எடுங்கள்: இன்று டேபிளுக்கு வந்த பதிவுகள் எத்தனை, வொர்க்ஃப்ளோ எடுத்தவை எத்தனை, லேபிள் ஏறியவை எத்தனை? முதலாவதும் இரண்டாவதும் ஒத்துப்போகவில்லை என்றால் கோளாறு டேட்டாபேஸ் பக்கம். இரண்டாவதும் மூன்றாவதும் ஒத்துப்போகவில்லை என்றால் மாடல் சேவையிலோ, திரும்ப எழுதும் இடத்திலோ. மூன்றும் சரியாக இருந்தும் லேபிள் பொருந்தவில்லை என்கிறார்கள் என்றால் நேராக அறிகுறி 6-க்குப் போங்கள்.

## அறிகுறி 1: டேட்டாபேஸோடு இணைப்பே கிடைக்கவில்லை

பிழைச் செய்தியை முழுதாகப் படியுங்கள். நான்கு விதமான செய்திகள் வரும், நான்குக்கும் வைத்தியம் வேறு.

'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' என்று உடனே வந்தால்

மெஷின் வரை போய்விட்டது, அந்தப் போர்ட்டில் கேட்பதற்கு யாரும் இல்லை. என்8என் டாக்கருக்குள் (புரோகிராமைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டியில் ஓட்டும் கருவி) ஓடுகிறதா? அப்படியானால் ஹோஸ்ட் என்ற இடத்தில் லோக்கல்ஹோஸ்ட் என்று போட்டிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். கன்டெய்னருக்குள் லோக்கல்ஹோஸ்ட் என்றால் அந்தக் கன்டெய்னர்தான், உங்கள் சர்வர் அல்ல. போஸ்ட்கிரெஸும் அதே கம்போஸ் ஃபைலில் (டாக்கரில் ஓட வேண்டியவற்றை எழுதி வைக்கும் ஃபைல்) இருந்தால் அதன் சர்வீஸ் பெயரை ஹோஸ்டாகக் கொடுத்தால் போதும். போஸ்ட்கிரெஸ் வெளியே, சர்வரில் நேரடியாக ஓடினால் 'ஹோஸ்ட்.டாக்கர்.இன்டர்னல்' என்ற பெயர் வேண்டும். லினக்ஸில் அந்தப் பெயர் தானாகக் கிடைக்காது, கம்போஸ் ஃபைலில் கூடுதல் ஹோஸ்டாகச் சேர்க்க வேண்டும்.

பெயர் சரியாக இருந்தும் இதே செய்தி வந்தால், போஸ்ட்கிரெஸ் உள்ளூர் முகவரியில் மட்டும் கேட்கிறதா என்று பாருங்கள். நிறுவியவுடன் அது 127.0.0.1-ல் மட்டும்தான் கேட்கும். கேட்கும் முகவரியை மாற்றினால் சர்வரை ரீஸ்டார்ட் செய்தே ஆக வேண்டும், ரீலோட் போதாது.

அரை நிமிடம் காத்திருந்து 'டைம்அவுட்' என்று வந்தால்

பெரும்பாலும் வழியில் ஃபயர்வால் மறிக்கிறது. கிளவுட் டேட்டாபேஸ் என்றால் அனுமதிக்கப்பட்ட ஐபி பட்டியலைப் பாருங்கள். வீட்டு பிராட்பேண்ட் ஐபி அவ்வப்போது மாறும். நேற்று மாலை ஓடியது இன்று காலை நின்றால் பெரும்பாலும் இதுதான்.

'பிஜி எச்பிஏ பட்டியலில் இந்த ஹோஸ்ட் இல்லை' என்ற பொருளில் வந்தால்

இது நல்ல செய்தி. நெட்வொர்க் சரியாக இருக்கிறது, அனுமதிதான் இல்லை. யார், எங்கிருந்து இணையலாம் என்று போஸ்ட்கிரெஸ் வைத்திருக்கும் ஃபைல்தான் பிஜி எச்பிஏ. அதில் குறிப்பிட்ட ஐபி, குறிப்பிட்ட யூசர், குறிப்பிட்ட டேட்டாபேஸ் என்று ஒரு வரி சேருங்கள். இதற்கு ரீலோட் போதும்.

பாஸ்வேர்ட் தவறு என்று வந்தால்

காப்பி செய்தபோது கடைசியில் ஒரு ஸ்பேஸ் ஒட்டிக்கொண்டதா என்று பாருங்கள். இணைப்பை ஒரே யுஆர்எல்லாகக் கொடுப்பவர்கள், பாஸ்வேர்டில் @ இருந்தால் %40 என்றும், # இருந்தால் %23 என்றும் எழுத வேண்டும். இல்லாவிட்டால் @-க்குப் பின்னால் உள்ளதை ஹோஸ்ட் பெயர் என்று எடுத்துக்கொள்ளும்.

எப்போது ஆள் கூப்பிடுவது: டேட்டாபேஸ் வேறொருவர் பொறுப்பில் இருந்தால் இந்தக் கட்டத்திலேயே அவரிடம் கேளுங்கள். 'ஓடினால் போதும்' என்று 0.0.0.0/0 போட்டு உலகம் முழுவதற்கும் திறந்து விடாதீர்கள். பொது இணையத்தில் திறந்து கிடக்கும் 5432 போர்ட்டைத் (போஸ்ட்கிரெஸின் வழக்கமான போர்ட்) தட்டிப் பார்க்கும் தானியங்கிகள் நாள் முழுக்க அலைகின்றன.

## அறிகுறி 2: சிறிது நேரம் ஓடி, அப்புறம் 'டூ மெனி கிளையன்ட்ஸ்'

போஸ்ட்கிரெஸில் இணைப்புகளின் வரம்பு, மாற்றாதவரை 100. அதிலும் 3 சூப்பர்யூசருக்கென்று ஒதுக்கப்பட்டவை. வரம்பை 500 ஆக்குவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். அதைக் கடைசியில் செய்யுங்கள்.

முதலில் 'பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டி' வியூவைத் திறந்து, இணைப்புகளை நிலை வாரியாக எண்ணுங்கள். 'ஐடில் இன் டிரான்சாக்‌ஷன்' என்று நிறைய தெரிந்தால் காரணம் கிடைத்துவிட்டது (முழுதாக முடியும் அல்லது முழுதாக ரத்தாகும் வேலைத் தொகுதிதான் டிரான்சாக்‌ஷன்): டிரான்சாக்‌ஷனைத் திறந்து பதிவுகளை எடுத்துவிட்டு, அதை மூடாமலேயே மாடலின் பதிலுக்காகக் காத்திருக்கிறீர்கள். மாடல் 20 வினாடி எடுத்தால் அந்த 20 வினாடியும் இணைப்பு பிடிபட்டே இருக்கும், பூட்டுகளும் சேர்ந்து நிற்கும். படித்து முடித்ததும் கமிட் செய்து (நிலையாகப் பதித்து) மூடுங்கள், மாடலைக் கூப்பிடுங்கள், பதில் வந்ததும் புதிதாகத் திறந்து எழுதுங்கள். எனக்கு வந்த இந்த வகைச் சிக்கல்களில் பெரும்பாலானவை இதிலேயே தீர்ந்தன.

தீராவிட்டால், ஒவ்வொரு பதிவுக்கும் தனி இணைப்பு திறக்கும் ஸ்கிரிப்ட் ஏதும் இருக்கிறதா என்று தேடுங்கள். அதுவும் இல்லை என்றால் நடுவில் பிஜிபவுன்சர் (இணைப்புகளைப் பகிர்ந்து தரும் இடைநிலைக் கருவி) வையுங்கள். டிரான்சாக்‌ஷன் முறையில் வைத்தால், 1.21-க்கு முந்தைய பதிப்புகளில் பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட் பிழைகள் வரும். புதிய பதிப்பையே போடுங்கள். இதைத் தாண்டி வரம்பை உயர்த்த வேண்டிய நிலை என்றால் மெமரிக் கணக்கு பார்க்க வேண்டும், சர்வரை நிறுத்தி எழுப்ப வேண்டும். அது டேட்டாபேஸ் நிர்வாகியின் வேலை.

## அறிகுறி 3: மாடல் சேவை பிழை எண்ணைத் திருப்பி அனுப்புகிறது

401 அல்லது 403: கீ (சேவை உங்களை அடையாளம் காணும் ரகசியக் குறி) தவறு, அல்லது அந்தக் கீக்கு அந்த மாடலைத் தொட உரிமை இல்லை. கீயை மாற்றிய பிறகும் 401 வந்தால், கன்டெய்னரை வெறுமனே ரீஸ்டார்ட் செய்தீர்களா? கீயை எழுதி வைக்கும் என்வ் ஃபைலில் செய்த மாற்றம் ரீஸ்டார்ட்டில் உள்ளே போகாது. கம்போஸ் 'அப்' கட்டளையைக் கொடுத்துக் கன்டெய்னரைப் புதிதாக உருவாக்க வேண்டும். இதில் ஒரு முழு மதியம் போயிருக்கிறது எனக்கு.

429: இதில் இரண்டு வகை. வேகமாக அனுப்புகிறீர்கள் என்பது ஒன்று, கணக்கில் பணம் தீர்ந்தது என்பது மற்றொன்று. சில சேவைகள் இரண்டுக்கும் இதே எண்ணைத்தான் தருகின்றன, பதிலின் உடலைப் படித்தால்தான் தெரியும். வேகம்தான் காரணம் என்றால், பதிலின் ஹெடரில் எத்தனை வினாடி பொறுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறதா பாருங்கள். இல்லை என்றால் 1, 2, 4, 8 வினாடி என்று இடைவெளியை இரட்டிப்பாக்கி, கொஞ்சம் முன்பின் கலைத்து முயலுங்கள். எல்லாப் பதிவுகளும் ஒரே நொடியில் மறுபடி கிளம்பினால் மறுபடியும் 429தான். என்8என்னில் சின்னச் சின்னத் தொகுதியாக லூப் ஓட்டி நடுவில் ஒரு வெயிட் நோடு (வொர்க்ஃப்ளோவின் ஒரு படிதான் நோடு) வையுங்கள்.

400: இதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும், ஏனென்றால் நூறு பதிவுகளில் 97 சரியாகப் போய் 3 மட்டும் அடிவாங்கும். அந்த மூன்றைத் தனியே எடுத்துக் கண்ணால் பாருங்கள். என்னிடம் மாட்டிய ஒரு புகார் இப்படி இருந்தது:

போன் பண்ணா "நாளைக்கு வரும்"னு சொல்றாங்க
மூணு நாளா இதே பதில்தான்

இரண்டு வரி, நடுவில் ஓர் என்டர், இரட்டை மேற்கோள். அனுப்பும் ஜேசானைக் (தரவை எழுதும் ஒரு வடிவம்) கையால் தட்டி, மேற்கோளுக்கு நடுவே புகாரை ஒட்ட வைத்திருந்தோம். வாடிக்கையாளரின் மேற்கோள் வந்த இடத்திலேயே ஜேசான் உடைந்துவிட்டது. மேற்கோளை நீக்கிச் சமாளிக்காதீர்கள், வாடிக்கையாளர் எழுதியது அப்படியே போக வேண்டும். உரையை 'ஜேசான்.ஸ்ட்ரிங்கிஃபை' வழியாக விடுங்கள், முன்னால் பின்சாய்வுக்கோடு சேர்க்க வேண்டிய குறிகளை அது பார்த்துக்கொள்ளும்.

அதுவும் இல்லை என்றால் ஃபீல்டு காலியாக இருக்கலாம், அல்லது உரை நீளமாக இருக்கலாம். தமிழ் உரை பெரும்பாலான மாடல்களில் அதே அளவு ஆங்கிலத்தைவிட அதிக டோக்கன் (மாடல் உரையைப் பிரித்து எண்ணும் துண்டு) எடுக்கும். ஆங்கிலத்தை வைத்துப் போட்ட நீளக் கணக்கு இங்கே செல்லாது. நீளத்தை வெட்டும்போது பைட் கணக்கில் வெட்டாதீர்கள். யுடிஎஃப்-8-ல் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட், நடுவில் வெட்டினால் கடைசி எழுத்து சிதைந்து, அதுவே இன்னொரு 400 ஆகும்.

500, 503, 504: அவர்கள் பக்கத்துக் கோளாறு. சேவையின் நிலைப் பக்கத்தைப் பாருங்கள், காத்திருந்து முயலுங்கள். நீங்களே மாடலை ஓட்டுகிறீர்கள், சரியாக 60 வினாடியில் 504 வருகிறது என்றால் நடுவில் உள்ள எஞ்ஜினெக்ஸ் வெப் சர்வரைப் பாருங்கள். பதிலுக்குக் காத்திருக்கும் நேரம் அதில் மாற்றாதவரை 60 வினாடிதான்.

## அறிகுறி 4: எல்லாம் பச்சை டிக், ஆனால் டேபிளில் லேபிள் இல்லை

இருப்பதிலேயே மோசமான அறிகுறி இதுதான். சிவப்பு வந்தால் யாராவது பார்ப்பார்கள், பச்சையை யாரும் திறந்து பார்ப்பதில்லை. எங்களுக்கு ஒருமுறை ஒன்பது நாள் இப்படிப் போனது. பணம் திரும்பக் கேட்ட புகார்கள் லேபிள் இல்லாமல் கிடந்தன, அந்தப் பிரிவில் இருந்தவர்களுக்கு அவை கண்ணிலேயே படவில்லை. அதனால் இந்தப் பகுதியை வரிசை மாறாமல் பாருங்கள்.

குவெரி எதையாவது கொண்டுவந்ததா? பூஜ்யம் பதிவு வந்தால் அடுத்த நோடுகள் ஓடாது, அதுவும் வெற்றி என்றுதான் பதிவாகும். உடனே நேர மண்டலத்தைப் பாருங்கள். நீங்களே அமைக்காத என்8என்னின் நேரம் நியூயார்க் நேரம், ஏர்ஃப்ளோ ஓடுவது யுடிசியில் (உலகப் பொது நேரம்). டேபிளில் இந்திய நேரம் மண்டலக் குறிப்பு இல்லாமல் ஏறியிருந்தால், 'கடைசி ஒரு மணி நேரம்' என்று யுடிசியில் கேட்கும் குவெரி ஐந்தரை மணி நேரம் தள்ளி நின்று பார்க்கும். ஃபீல்டை மண்டலத்தோடு கூடிய டைம்ஸ்டாம்ப் வகைக்கு மாற்றுவதே நிரந்தர வழி.

'பிழை வந்தாலும் தொடர்' என்ற அமைப்பு எங்காவது இயங்குகிறதா? சோதனை நாளில் யாரோ போட்டு, எடுக்க மறந்திருப்பார்கள். அது வேண்டும் என்றால் பிழைக் கிளையைத் தனியே இழுத்து, தோற்ற பதிவின் எண்ணை ஒரு டேபிளில் எழுதுங்கள். சில சேவைகள் 200 கொடுத்துவிட்டு உள்ளே பிழையை வைத்து அனுப்புவதும் உண்டு. லேபிள் ஃபீல்டு உண்மையில் பதிலில் இருக்கிறதா என்று சோதிக்கும் ஒரு இஃப் நோடு அவசியம்.

எழுதும் அப்டேட் எத்தனை பதிவைத் தொட்டது? பூஜ்யம் பதிவைத் தொட்ட அப்டேட்டை டேட்டாபேஸ் பிழையாகக் கருதாது. எங்கள் ஒன்பது நாளுக்குக் காரணம் இதுதான். புகார் எண்கள் 19 இலக்கம். ஜாவாஸ்கிரிப்ட்டில் எண்கள் 9007199254740991 வரைதான் துல்லியமாக நிற்கும். அதாவது 1234567890123456789 என்று உள்ளே போன எண் 1234567890123456800 ஆக வெளியே வரும். அந்த எண்ணில் புகாரே இல்லை, அப்டேட் யாரையும் தொடவில்லை, டிக் மட்டும் பச்சை. என்8என்னின் போஸ்ட்கிரெஸ் நோடில் பெரிய எண்களை எழுத்தாகத் தரச் சொல்லும் ஆப்ஷன் உண்டு, அதைத் தேர்ந்தெடுங்கள். லாகில் உள்ள ஓர் எண்ணையும் டேபிளில் உள்ள எண்ணையும் அருகருகே வைத்துக் கடைசி மூன்று இலக்கம் ஒத்திருக்கிறதா பாருங்கள், பத்து வினாடி வேலை.

பைத்தான் ஸ்கிரிப்ட் என்றால் கமிட் இருக்கிறதா என்று பாருங்கள். சைகோபிஜியில் (பைத்தானை போஸ்ட்கிரெஸோடு இணைக்கும் நூலகம்) கமிட் சொல்லாமல் இணைப்பை மூடினால் எழுதியது எல்லாம் திரும்பிப் போய்விடும்.

ஒருசில பதிவுகள் மட்டும் விடுபடுகின்றனவா? 'கடைசியாகப் பார்த்த நேரத்துக்குப் பின் வந்தவை' என்று எடுக்கும் முறையில் இது வரும். போஸ்ட்கிரெஸின் 'நௌ' தருவது டிரான்சாக்‌ஷன் தொடங்கிய நேரம். 10:04-க்குத் தொடங்கி 10:06-க்குக் கமிட் ஆன புகாரில் 10:04 என்றுதான் இருக்கும். 10:05-க்கு ஓடிய வொர்க்ஃப்ளோவுக்கு அது தெரியாது, அடுத்த ஓட்டத்துக்கு அது பழையது. ஒவ்வொரு ஓட்டத்திலும் பத்து நிமிடம் பின்னால் போய் எடுப்பது எளிய தீர்வு. நேரத்தையே நம்பாமல் 'காத்திருக்கிறது, எடுக்கப்பட்டது, முடிந்தது, தோல்வி' என்று ஒரு நிலை ஃபீல்டு வைப்பது நல்ல தீர்வு. நான் இப்போது எங்கும் இரண்டாவதைத்தான் செய்கிறேன்.

எப்போது ஆள் கூப்பிடுவது: விடுபட்ட பதிவுகளை வைத்து ஏற்கனவே யாருக்காவது பணம் போயிருந்தால், அல்லது போகாமல் நின்றிருந்தால், நீங்களாகப் பின்தேதியில் திருத்தி எழுதாதீர்கள். கணக்குப் பிரிவையும் டேபிளின் பொறுப்பாளரையும் அழைத்து உட்கார வைத்துச் செய்யுங்கள்.

## அறிகுறி 5: ஒரே பதிவு இரண்டு மூன்று முறை போகிறது, பில் ஏறுகிறது

முதலில், ஓட்டங்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறுகின்றனவா? ஐந்து நிமிட இடைவெளி, ஆனால் ஓடி முடிக்க ஏழு நிமிடம் என்றால் இரண்டு ஓட்டமும் ஒரே பதிவை எடுக்கும். பதிவை எடுக்கும்போதே 'ஃபார் அப்டேட் ஸ்கிப் லாக்டு' (வேறு ஓட்டம் பூட்டிய பதிவை விட்டுவிடச் சொல்வது) போட்டு, நிலையை 'எடுக்கப்பட்டது' என்று மாற்றி உடனே கமிட் செய்யுங்கள். போஸ்ட்கிரெஸ் 9.5 முதலே இது இருக்கிறது. ஓட்டம் நடுவில் செத்துப்போனால் பதிவு அந்த நிலையிலேயே மாட்டிக்கொள்ளும். அரை மணி நேரத்துக்கு மேல் அப்படிக் கிடப்பவற்றைத் திரும்பக் 'காத்திருக்கிறது' ஆக்கும் ஒரு சிறு வேலையும் கூடவே வேண்டும்.

அடுத்து, வட்டம் சுற்றுகிறதா? லேபிளை எழுதும்போது டிரிகர் (மாற்றம் நடந்தால் டேட்டாபேஸில் தானாக ஓடுவது) ஒன்று 'மாற்றிய நேரம்' ஃபீல்டைப் புதுப்பிக்கும். வொர்க்ஃப்ளோ அதைப் புதிய மாற்றம் என்று எடுத்து மறுபடி மாடலுக்கு அனுப்பும். ஒரே பதிவு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சீராகப் போனால் பெரும்பாலும் இதுதான்.

ஏர்ஃப்ளோ 2 என்றால் 'கேட்ச்அப்' என்பதைப் பாருங்கள். மாற்றாதவரை அது இயங்கும் நிலையில்தான் இருக்கும். தொடக்கத் தேதியைப் போன வருடத்தில் போட்டுத் தினசரி ஓட்டத்தைத் திறந்துவிட்டால், போன வருடத்திலிருந்து ஒவ்வொரு நாளுக்கும் ஓடத் தொடங்கும். பதிப்பு 3-ல் இதை நிறுத்திய நிலைக்கு மாற்றிவிட்டார்கள்.

எல்லாவற்றுக்கும் காவலாக, முடிவைத் தனி டேபிளில் எழுதுபவர்கள் அதில் புகார் எண்ணுக்கு யூனிக் கட்டுப்பாடு வைத்து 'ஆன் கான்ஃப்ளிக்ட்' (அதே எண் ஏற்கனவே இருந்தால் என்ன செய்வது என்பது) கொடுத்து எழுதுங்கள். பில்லை அது குறைக்காது, தரவைக் காப்பாற்றும்.

## அறிகுறி 6: பதில் வருகிறது, ஆனால் பொருத்தமே இல்லை

'1536 பரிமாணம் எதிர்பார்த்தேன், 3072 வந்தது' என்று பிஜிவெக்டர் (எம்பெடிங்கைச் சேமிக்கும் போஸ்ட்கிரெஸ் நீட்சி; பரிமாணம் என்பது எம்பெடிங்கில் உள்ள எண்களின் எண்ணிக்கை) சொன்னால் யாரோ மாடலை மாற்றியிருக்கிறார்கள். ஓபன்ஏஐயின் சிறிய எம்பெடிங் மாடல் 1536, பெரியது 3072. 3072-க்கு ஃபீல்டை மாற்றினாலும், வழக்கமான வெக்டர் வகையில் இண்டெக்ஸ் 2000 பரிமாணம் வரைதான் போட முடியும். அதைக் கணக்கில் கொண்டு முடிவெடுங்கள்.

பிழை எதுவும் இல்லாமல் தேடல் மட்டும் கெட்டால் இன்னும் கவனம் வேண்டும். ஓபன்ஏஐயின் பழைய அடா-002 மாடலும் 1536தான், புதிய சிறிய மாடலும் 1536தான். அளவு ஒன்று என்பதால் டேட்டாபேஸ் இரண்டையும் வாங்கிக்கொள்ளும், ஆனால் ஒன்றின் எண்களை மற்றொன்றோடு ஒப்பிடுவதில் எந்தப் பொருளும் இல்லை. ஒவ்வொரு எம்பெடிங்கோடும் மாடலின் பெயரை ஒரு ஃபீல்டில் எழுதி வையுங்கள். கலந்துவிட்டது என்றால் பழையதை எல்லாம் புதிதாகக் கணக்கிட வேண்டும், வேறு வழி இல்லை. செலவு கூடியது என்பதால் முதலில் ஆயிரம் பதிவில் செய்து பார்த்து, மொத்தச் செலவைச் சொல்லி ஒப்புதல் வாங்குங்கள்.

தமிழ்ப் பதிவுகள் மட்டும் தவறாக வந்தால் மூலத்தைத் திறந்து பாருங்கள். பழைய பிராஞ்சு அலுவலகங்களிலிருந்து வரும் ஃபைல்கள் பாமினி எழுத்துருவில் இருக்கலாம். எழுத்துருவோடு பார்த்தால் அழகான தமிழ், டேட்டாபேஸில் வெறும் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும். மாடலால் அதைப் படிக்க முடியாது. உள்ளே வரும் வாசலிலேயே யூனிகோடாக மாற்றுங்கள். யூனிகோடிலும் ஒரு நுணுக்கம் உண்டு: 'கொ' என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகவும் வைக்கலாம். கண்ணுக்கு ஒன்றுபோல் தெரியும், கம்ப்யூட்டருக்கு இரண்டும் வேறு சொல். போஸ்ட்கிரெஸ் 13 முதல் உள்ள 'நார்மலைஸ்' வழியாக விட்டு ஒரே வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள்.

## அறிகுறி 7: நம் ஓட்டக் கணக்கைவிடச் சேவையின் கணக்கில் அதிகப் பயன்பாடு

லாகில் உள்ள அழைப்புகளை எண்ணி, சேவையின் கணக்கோடு ஒப்பிடுங்கள். மறுமுயற்சிகளையும் சேர்த்த பிறகும் பெரிய வித்தியாசம் இருந்தால், கீ வெளியே போயிருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் கீயை ரத்து செய்யுங்கள், காரணம் தேடுவது அப்புறம். வொர்க்ஃப்ளோ சில மணி நேரம் நிற்கும், நிற்கட்டும். கிட்டில் (கோடின் ஒவ்வொரு மாற்றத்தையும் சேமித்து வைக்கும் கருவி) உள்ள ஃபைலிலிருந்து கீயை அழிப்பது போதாது, அங்கே சேமித்த பழைய கமிட்டுகளில் அது அப்படியே இருக்கும்.

அதே ஃபைலில் டேட்டாபேஸ் பாஸ்வேர்டும் இருந்ததா என்று பாருங்கள். இருந்தால் அதையும் உடனே மாற்றி, நிறுவனத்தின் பாதுகாப்புப் பொறுப்பாளருக்குத் தகவல் சொல்லுங்கள். அந்த டேபிளில் வாடிக்கையாளர்களின் பெயரும் போன் எண்ணும் இருக்கின்றன. வெளியே போனது என்ன என்று ஆராய்வது தனியாள் வேலை இல்லை. அவர்கள் வரும்வரை லாகுகளை அழிக்காமல் வையுங்கள். வொர்க்ஃப்ளோவைத் திரும்ப எழுப்பும்போது பழைய யூசரைக் கொடுக்காமல், புகார் டேபிளைப் படிக்கவும், லேபிள், எம்பெடிங், நிலை ஆகிய மூன்று ஃபீல்டுகளில் மட்டும் எழுதவும் உரிமை உள்ள புதிய யூசரை உருவாக்கிக் கொடுங்கள்.